ஆடி மாதத்தில் லாஞ்சு பார்க்கப் போனது

எங்கள் பக்கத்தில் சீசன் என்ற சொல் குற்றாலத்துக்கு மட்டுமே சொந்தம். மேற்கே மலையில் மேகம் இறங்கி, ராஜபாளையம் பஜாரில் சாரல் தூற ஆரம்பித்தால், வசதி உள்ளவர்கள் எண்ணெய்க் கிண்ணத்தோடு அருவிக்குக் கிளம்புவார்கள். வசதி இல்லாதவர்கள், அவர்கள் திரும்பி வந்து சொல்லும் கதையைக் கேட்டு நனைந்துகொள்வார்கள். நாங்கள் இரண்டாவது ரகம். அப்பேர்ப்பட்ட எங்கள் குடும்பம் ஒரு ஆடி மாதத்தில், ஊரே தெற்கே அருவியைப் பார்த்துப் போகும்போது, எதிர்த்திசையில் ரயில் ஏறித் தூத்துக்குடிக்குப் போய், கடலில் மோட்டார் லாஞ்சு சவாரி செய்துவிட்டு வந்தது. லாஞ்சு என்றால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இன்ஜின் வைத்த சின்னப் படகு. ஆடிக் காற்றில் கடலுக்குள் உல்லாசமாகப் போகிறவனைத் தூத்துக்குடிக்காரர்களே ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து புளிச்சோற்றுத் தூக்கோடு வந்து இறங்கிய எங்களை அவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதை நான் சொல்லவில்லை.

இது வெள்ளைக்காரன் காலத்தில், பெரிய சண்டை வருவதற்குக் கொஞ்சம் முந்தி நடந்தது. எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. எதுவென்று சரியாகச் சொல்ல எனக்குக் கணக்கு வராது. மழைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியதுண்டு. மழை விட்டால் வாத்தியார் உள்ளே பிடித்துப் போட்டுவிடுவாரோ என்று பயந்து, விடுவதற்கு முன்பே நனைந்துகொண்டு ஓடியவன் நான். எழுத்தெல்லாம் பிற்பாடு பஸ் பலகைகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். அதனால்தான் இன்றைக்கும் நான் எதை எழுதினாலும் அதில் ஒரு ஊர் பேர் வந்துவிடுகிறது.

கதைக்கு வருகிறேன். கதை என் அத்தையைப் பற்றியது. அப்பாவின் கடைசித் தங்கை. கல்யாணம் ஆகாமல் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அவளுக்குக் குறை என்று எதுவும் கிடையாது. சிரிப்பாள், அவ்வளவுதான். சிரித்தால் தெருக்கோடி மாவு மில்லில் அரைப்பதை நிறுத்திவிட்டு என்னவென்று கேட்பார்கள். அதையும் சிரிக்கக் கூடாத இடம் பார்த்துச் சிரிப்பாள். வத்திராயிருப்பிலிருந்து பெண் பார்க்க வந்தவர், வந்து இறங்கியதும் வண்டிக்காரனைத் தெருவே கேட்க ஏசினார். அத்தை உள்ளேயிருந்து சிரித்தாள். அவர் அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அடுத்து ஒருவர் வந்தார். எங்கள் நாய் அவர் செருப்பை மோந்து பார்த்தது. அதை ஒரு எத்து எத்தினார். அத்தை காப்பித் தட்டோடு வந்து நின்று, நாயையும் பார்த்து, அவரையும் பார்த்து, தட்டு நடுங்கச் சிரித்தாள். அதுவும் போயிற்று. மூன்றாவது ஆள் எதற்குப் போனார் என்று நினைவில்லை. சிரிப்பு மட்டும் நினைவிருக்கிறது.

"ஏட்டி, ஒனக்கு வாயில தாழ்ப்பாளே கெடையாதா?" என்று அப்பா கத்துவார்.

"வந்தா என்னண்ணே செய்ய? தும்மல் மாதிரி வருது," என்பாள் அத்தை.

அந்த வருஷம் ஆடிப்பூரத் தேருக்கு வந்த கூட்டத்தில் கான்சாபுரத்துக்காரர் ஒருவர் அத்தையைப் பார்த்துவிட்டார். மனைவி இறந்தவர். நிலம் நீச்சு உண்டு. எல்லாவற்றையும்விடப் பெரிதாகக் குரல் உண்டு. அவர் வீட்டு வாசலில் நின்று வேலையாளைக் கூப்பிட்டால் வத்திராயிருப்பில் மேயும் மாடு திரும்பிப் பார்க்கும் என்பார்கள். அவர் ஆடி என்றும் பார்க்காமல் ஆள் விட்டுச் சொல்லியிருந்தார்: வெள்ளிக்கிழமைக்குள் உண்டு, இல்லை என்று ஒரு சொல் வேண்டும், ஆவணி பிறந்ததும் முதல் முகூர்த்தம். அப்பாவுக்கு மனசில்லை. ஆனால் வேறு யார் வருவார்? சிரிப்புக்காரி என்று பேர் பரவி, ராஜபாளையம் வரைக்கும் போயிருந்தது.

அப்போதுதான் ராஜபாளையத்திலிருந்து சித்தப்பா வந்து சேர்ந்தார். அவர் அங்கே ஒரு பஸ்ஸில் கிளீனர். பஸ் நின்றால் இறங்கித் தள்ளுவார், ஓடினால் தொங்குவார். மற்றபடி அந்த பஸ்ஸே தன்னுடையது என்ற தோரணையில் பேசுவார். அவர்தான் ஒரு மாப்பிள்ளையைச் சொன்னார். சுந்தரபாண்டியத்துப் பையன், நம்ம ஆட்கள், ராஜபாளையத்தில் பருத்தி அரைக்கும் ஆலையில் இன்ஜின் வேலை பழகி, இப்போது தூத்துக்குடியில் லாஞ்சு ஓட்டுகிறான். கப்பல் தூரத்தில் நிற்கும். ஆளையும் சாமானையும் கரைக்கும் கப்பலுக்குமாகக் கொண்டுபோய் விடுவது அவன் வேலை.

அப்பா ஒரே வார்த்தையில் அடைத்துவிட்டார். "ஆடியில பொண்ணு பாக்கிறதா? வெளங்குமாடா?"

உண்மைதான். எங்கள் பக்கத்தில் ஆடியில் பெண் பார்க்க மாட்டார்கள். பேச்சை எடுக்கவே மாட்டார்கள். ஆனால் ஆவணி வரை கான்சாபுரம் காத்திருக்காது.

சித்தப்பா யோசித்தார். பஸ்ஸைத் தள்ளியே வளர்ந்த மூளை அது. "பொண்ணு பாக்க யாருண்ணே போகச் சொன்னா? லாஞ்சு பாக்கப் போவோம். ஆடியில லாஞ்சு பாக்கக் கூடாதுன்னு எந்தச் சாமி சொல்லியிருக்கு? இப்ப பருத்தி சீசன் முடிஞ்சு போச்சு. கப்பல் கம்மி, லாஞ்சு சும்மாதான் கெடக்கு. கடலோரமா ஒரு சுத்து. அவன் லாஞ்சு ஓட்டுவான், நாம ஒக்காந்திருப்போம். யாரும் யாரையும் பாக்கல."

அப்பா மாடத்தில் இருந்த சாமி படத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, "வெறும் லாஞ்சுதான?" என்றார்.

"சத்தியமா வெறும் லாஞ்சு."

அத்தைக்கும் எனக்கும் சொல்லக் கூடாது என்று முடிவாயிற்று. அத்தைக்குச் சொன்னால் இங்கேயே சிரிக்க ஆரம்பித்துவிடுவாள். எனக்குச் சொன்னால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். இதெல்லாம் நான் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் நான் லாஞ்சில் போகப் போகிறேன் என்பதுதான். அதை முந்தின நாளே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். அத்தை மட்டும் எதுவும் கேட்கவில்லை. பெட்டியைத் திறந்து, கோயிலுக்குக் கட்டும் அரக்குச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். உப்புக்காற்றில் நல்ல சேலை வீணாகிவிடுமே என்று நான்தான் புத்தி சொன்னேன். "ஆமாலே, நீ பெரிய ஜவுளிக்கடைக்காரன்," என்று தலையில் தட்டினாள்.

விருதுநகரில் ரயில் மாறித் தூத்துக்குடி போய்ச் சேர்ந்தோம். கடலை அப்பா அதுவரை பார்த்ததில்லை. எங்களில் சித்தப்பாவைத் தவிர யாருமே பார்த்ததில்லை. சித்தப்பாவும் பார்த்ததில்லை என்பது பிறகு தெரிந்தது. அப்பா இடுப்பில் கை வைத்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தார். மண்ணை உழுது பிழைக்கும் சம்சாரிக் குடும்பத்தில் பிறந்தவர், பருத்தி வண்டி ஓட்டுகிறவர். தண்ணீர் என்றால் அவருக்குக் கண்மாய்தான்.

"இம்புட்டுத் தண்ணிக்கு எதுத்தாப்புல கரை போடாம விட்டிருக்கானுவளே," என்றார். "மடை எங்கடா இருக்கு?"

சித்தப்பா சளைக்காமல், "கொழும்புல இருக்குண்ணே," என்றார்.

லாஞ்சுக்காரர் வந்தார். ஒல்லியாக, உயரமாக, காது இரண்டும் கதவு திறந்து வைத்தது மாதிரி. கால்சட்டையில் எண்ணெய், மேலே மட்டும் வெள்ளைவெளேரென்று சலவை மடிப்புக் கலையாத சட்டை. இன்ஜின் வேலைக்கு வெள்ளைச் சட்டை போட்டு வந்த அவருக்கு மூளை கொஞ்சம் கம்மி என்று நான் அப்போதே குறித்துக்கொண்டேன். "வாங்கண்ணாச்சி, வாங்கக்கா," என்று எல்லோரையும் கும்பிட்டார். அத்தை இருந்த பக்கம் மட்டும் கும்பிடு வழுக்கிக்கொண்டு போயிற்று. என்னைப் பார்த்து, "என்ன மருமவனே, கடல் எப்படியிருக்கு?" என்றார். யாருக்கு யார் மருமகன்? முன்பின் தெரியாத ஆள் உறவு கொண்டாடுகிறாரே என்று எனக்குக் கோபம். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

லாஞ்சின் நடுவில் ஒரு மரப்பெட்டிக்குள் இன்ஜின். அதற்கு முன்னால் பெட்ரோல் டாங்கி. டாங்கியிலிருந்து ஒரு செம்புக்குழாய் இறங்கி வந்தது. குழாயில் ஒரு பித்தளைத் திருகு. லாஞ்சுக்காரர் சித்தப்பாவுக்கு ஒவ்வொன்றாகக் காட்டினார். ஆனால் சித்தப்பாவுக்குச் சொல்வதற்கு அவ்வளவு சத்தம் தேவையில்லை.

"இதுதான் இதுக்கு உயிர்நாடி. இந்தத் திருகை மூடிட்டா கவர்னர் வந்து சொன்னாலும் இன்ஜின் ஓடாது."

"தெரியும் தெரியும். எங்க பஸ்ஸுலயும் இதே டேப்புதான்," என்றார் சித்தப்பா.

அத்தை எங்கேயோ கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏறும்போது எந்த இடத்தில் உட்காரலாம் என்று பார்த்து, அந்தத் திருகுக்குப் பக்கத்துப் பலகையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கைப்பிடி போட்டு ஒரு சுற்று சுற்றியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! மாடு இல்லை, சக்கரம் இல்லை, தூசி இல்லை. கரை தன் பாட்டுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. உப்பளங்கள் வெள்ளை வெள்ளையாகப் பளபளத்தன. முயல் தீவு ஒரு பக்கம். நான் வாயைத் திறந்து ஆவென்று கத்தினேன். இன்ஜின் அதிர்வில் அது ஆ-வா-ஆ-வா என்று உடைந்து உடைந்து வந்தது. அதை ரொம்ப நேரம் செய்துகொண்டிருந்தேன். அம்மா முந்தானையை என் வாய்க்குள் அடைக்கப் பார்த்தாள்.

கொஞ்சம் வெளியே போனதும் அலை ஆரம்பித்தது. லாஞ்சின் மூக்கு மேலே தூக்கியது. அவ்வளவுதான், அப்பாவுக்குள் இருந்த வண்டிக்காரர் எழுந்துவிட்டார்.

மாட்டுவண்டியில் போனவர்களுக்குத் தெரியும். மேடு ஏறும்போது பாரம் பின்னால் சாய்ந்து நுகத்தடி தூக்கும். உடனே எல்லோரும் முன்னால் நகர்ந்து உட்கார வேண்டும். இறக்கத்தில் மாட்டுக் கழுத்தில் பாரம் விழாமல் பின்னால் நகர வேண்டும். எங்கள் வீட்டில் பால்குடிப் பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

"மேடு! முன்னால வாங்க எல்லாரும்!" என்றார் அப்பா.

எல்லோரும் முன்னால் ஓடினோம். அதற்குள் அலை தாண்டி மூக்கு கீழே இறங்கியது.

"பள்ளம்! பின்னால போ, பின்னால போ! ஏலே, பாரத்தைக் கழுத்துல போடாத!"

பின்னால் ஓடினோம். யார் கழுத்து என்று நாங்கள் கேட்கவில்லை. அப்பா சொன்னால் நகர வேண்டும், அதுதான் பழக்கம். அடுத்த மேடு. முன்னால். அடுத்த பள்ளம். பின்னால். புளிச்சோற்றுத் தூக்கை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா, பால்கோவாச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு சித்தப்பா, யார் காலையாவது பிடித்துக்கொண்டு நான். லாஞ்சு, மூக்கணாங்கயிறு அறுந்த காளைபோலத் துள்ள ஆரம்பித்தது. பக்கத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தார்கள். அத்தை மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. சுக்கானைப் பிடித்திருந்த அந்த ஆள் இப்போது என்ன சொல்லப் போகிறார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "அண்ணாச்சி," என்றார். "ஊர்ல நாமதான் மேட்டைத் தேடிப் போகணும். கடல்ல மேடு நம்மளத் தேடி வருது. அதுபாட்டுக்கு வந்துட்டுப் போகட்டும். நீங்க ஒக்காருங்க."

அப்பா அதை யோசித்துப் பார்த்தார். நியாயமாகத்தான் பட்டது. உட்கார்ந்தார். ஆனாலும் ஒவ்வொரு அலைக்கும் அவர் உடம்பு முன்னும் பின்னும் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

அப்புறம்தான் அது நடந்தது. நான் கீழே பலகையில் படுத்து, செம்புக்குழாயில் என் முகம் கோணலாகத் தெரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை சேலைக்குள்ளிருந்து வந்தது. பித்தளைத் திருகைப் பிடித்தது. மெதுவாக, கத்தரிக்காய்க் காம்பைத் திருகுவதுபோலத் திருகி மூடியது. உள்ளே போய்விட்டது.

நான் நிமிர்ந்தேன். அத்தை என்னைப் பார்த்தாள். கண்ணை ஒரு தரம் உருட்டினாள். அந்த உருட்டலுக்கு என்ன அர்த்தம் என்று வீட்டில் எல்லா நாய்க்கும் பூனைக்கும் எனக்கும் தெரியும்.

குழாயில் மிச்சமிருந்ததைக் குடித்துக்கொண்டு இன்ஜின் இன்னும் கொஞ்ச தூரம் ஓடியது. பிறகு இருமியது. இன்னொரு தரம் இருமியது. நின்றே போயிற்று.

எம்மாடி, அந்த அமைதி! காற்று மட்டும் கேட்டது. காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தது. லாஞ்சு கரையை விட்டு மெல்ல விலக ஆரம்பித்தது.

"அய்யய்யோ, இது இப்படியே எங்க போவும்?" என்றாள் அம்மா.

"இப்படியே போனா கொழும்புதான் மதினி," என்றார் சித்தப்பா.

"வீட்டுல தயிருக்கு ஒறை ஊத்தி வச்சிட்டு வந்திருக்கேனே!" என்று அம்மா அழ ஆரம்பித்தாள்.

லாஞ்சுக்காரர் முதலில் நங்கூரத்தைத் தூக்கிப் போட்டார். கயிறு இழுத்துப் பிடித்து லாஞ்சு நின்றது. "இங்க ஆழம் கம்மிதான்க்கா. நம்ம இனி எங்கயும் போக மாட்டோம். தயிரு கெடாது," என்றார். அதற்குப் பிறகு மரப்பெட்டியின் மூடியைத் திறந்தார்.

அப்பா ஆரம்பித்தார். அவர் கோபப்பட்டால் மாட்டுக்குச் சொல்வதையும் மனுஷனுக்குச் சொல்வதையும் பிரிக்கத் தெரியாது. "என்னய்யா வண்டி வச்சிருக்கீரு! பொம்பளப் பிள்ளையளக் கூட்டிட்டு வந்து நடுக்கடல்ல நிறுத்திட்டீரே! ஒழுங்கா இரை போடுதீரா இல்லையா இதுக்கு? இந்த ஓட்டை டப்பாவுக்கு எங்க கெழட்டு மயிலைக்காளை தேவலய்யா!"

"தேவலதான் அண்ணாச்சி," என்றார் அவர். "காளைன்னா வாலை முறுக்கலாம். இதுக்கு வாலும் இல்ல." சொல்லிக்கொண்டே ஒவ்வொரு நட்டாகக் கழற்றினார், துடைத்தார், ஊதினார், மாட்டினார்.

சித்தப்பாவால் சும்மா இருக்க முடியவில்லை. "தள்ளுங்க, இதெல்லாம் பஸ்ஸுல நமக்கு அத்துபடி," என்று ஸ்பானரை வாங்கினார். வாங்கிய வேகத்தில் ஒரு அலை வந்தது. பழக்கதோஷத்தில் சித்தப்பா முன்னால் பாய்ந்தார். ஸ்பானர் கடலில் பாய்ந்தது. ப்ளக் என்று ஒரு சின்ன சத்தம்.

அப்பாவே வாயை மூடிக்கொண்டார். அது அந்த ஆளிடம் இருந்த நல்ல ஸ்பானர் என்று பார்த்தாலே தெரிந்தது. அவர் குனிந்து, ஸ்பானர் போன இடத்தைச் செத்த நேரம் பார்த்தார்.

"போகட்டும். அங்கயும் எவனுக்காவது ஒரு நட்டு லூசா இருக்கும்," என்றார்.

அத்தை சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் அவள் சிரிக்காமல் இருந்ததை நான் அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன். முழங்கையைத் தொடையில் ஊன்றி, கன்னத்தில் கை வைத்து, கடைத்தராசைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. அந்த ஆள் ஒரு தேய்ந்த ஸ்பானரை வைத்துக்கொண்டு இன்ஜினில் எல்லாவற்றையும் கழற்றுகிறார். பித்தளைத் திருகு பக்கம் மட்டும் கை போகவில்லை. ஏறும்போது அவரே சொன்னதுதானே? இவ்வளவு மக்காக இருக்கிறாரே, நாம் ஒரு வார்த்தை சொன்னால் பிழைத்துப் போவார் என்று இரக்கம் வந்துவிட்டது. அத்தைக்குத் தெரியாமல் ஊர்ந்து போய், அந்தக் கதவு மாதிரிக் காதில் வாயை வைத்துச் சொன்னேன்: "டேப்பு மூடியிருக்கு. அத்தைதான் மூடுனா."

அவர் திரும்பவில்லை. கையில் இருந்த நட்டைத் துடைத்துக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கும்படி, "தெரியும் மருமவனே. செத்த நேரம் சும்மா இரு," என்றார்.

தெரியுமாம்! தெரிந்துகொண்டு திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்! பைத்தியக்காரர்களிடம் மாட்டிக்கொண்டோம் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. ஒரு பைத்தியம் மூடுகிறது, இன்னொரு பைத்தியம் திறக்க மாட்டேன் என்கிறது. நடுவில் நான் ஒருவன்தான் அறிவாளி.

ஓடும் லாஞ்சைவிட நிற்கும் லாஞ்சு மோசம். அது முன்னும் பின்னும் போகாமல், இருந்த இடத்திலேயே சல்லடைபோல ஆடியது. என் வயிற்றுக்குள் காலையில் போன புளிச்சோறு வெளியே வர வழி கேட்டது. கடல் பக்கம் திரும்பியிருக்கலாம். நாலு பக்கமும் கடல்தான். எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் தப்பித்திருக்கலாம். நான் திரும்பிய பக்கத்தில் மட்டும் அந்த வெள்ளைச் சட்டை இருந்தது.

சலவை மடிப்பு, கழுத்திலிருந்து வயிறு வரை மஞ்சளாகிவிட்டது. ஒரு கடலைப்பருப்பு பித்தானில் ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மா தலையில் கை வைத்தாள். அப்பா என்னை அடிக்க எழுந்தார்.

அதற்குள் லாஞ்சுக்காரர் என்னைத் தூக்கி மடியில் போட்டு, நல்ல தண்ணீர்ச் செம்பை எடுத்து என் முகத்தைக் கழுவினார். வாயைக் கொப்பளிக்க வைத்தார். சட்டையைப் பற்றி நினைவே வரவில்லை போல. "ஏலே மருமவனே! இத்துணூண்டு வயித்துக்குள்ள எம்புட்டுச் சோத்தை அடைச்சு வச்சிருக்க! பாரம் குறைஞ்சிருச்சு அண்ணாச்சி, இனி லாஞ்சு பறக்கும் பாருங்க!"

அப்போது அத்தை சிரித்தாள்.

சும்மா சிரிப்பா? தூத்துக்குடியில் யாராவது மாவு மில்லை நிறுத்தியிருப்பார்கள். பலகையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவர் அவளைப் பார்த்தார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மஞ்சள் சட்டையோடு, என்னை மடியில் வைத்துக்கொண்டு அவரும் சிரித்தார்.

அப்பாவின் முகம் செத்துப்போயிற்று. "போச்சு," என்று சித்தப்பாவிடம் முணுமுணுத்தார். "சிரிச்சுட்டா. இதுவும் போச்சு. வெள்ளிக்கிழமை கான்சாபுரம்தான்."

கண்ணாடி வளையல் கை மறுபடியும் சேலைக்குள்ளிருந்து வந்ததை நான் ஒருவன்தான் பார்த்தேன். திருகு திறந்தது. கை உள்ளே போயிற்று. லாஞ்சுக்காரர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கடலையும் வானத்தையும் ஒரு பார்வை பார்த்தார். என்னை இறக்கி வைத்துவிட்டு, "எங்க, ஒரு கை பாப்போம்," என்று கைப்பிடியைப் போட்டுச் சுற்றினார். இன்ஜின் பிடித்துக்கொண்டது.

"அப்படிப் போடு! நான் அந்த நட்டைத் தளத்தி விட்டேன்ல, அதான்!" என்றார் சித்தப்பா.

ரயிலில் திரும்பும்போது அப்பாவால் கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. ஆடி மாதம், அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. விருதுநகர் தாண்டியதும் தொண்டையைச் செருமினார்.

"ஏட்டி... லாஞ்சு எப்படி இருந்துச்சு?"

அத்தை ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "லாஞ்சு நல்லாத்தாண்ணே இருந்துச்சு."

"வழியில நின்னுபோச்சேட்டி?"

"நின்னா என்ன? கத்தலைல்லா."

அப்பா துண்டை உதறி மறுபடியும் தோளில் போட்டார். பிறகு, "சிரிச்சியே?" என்றார், ரொம்ப மெதுவாக.

"அது வேற சிரிப்புண்ணே," என்றாள் அத்தை. கன்னம் சேலை நிறத்துக்கு வந்துவிட்டது.

எனக்குத் தாங்கவில்லை. லாஞ்சைப் பற்றித்தானே பேசுகிறார்கள், நமக்கும் கருத்து உண்டே? "லாஞ்சு நல்லதுதான். அந்த ஆளுக்குத்தான் வேலை தெரியாது. டேப்பை..." என்பதற்குள் அத்தை சட்டியிலிருந்து ஒரு கை பால்கோவாவை அள்ளி என் வாயில் அடைத்துவிட்டாள். லாஞ்சுக்காரருக்கென்று கொண்டுபோன பால்கோவா. கலவரத்தில் கொடுக்க மறந்திருந்தோம். நான் ஏதாவது சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் ஒரு கை. ஸ்ரீவில்லிபுத்தூர் வருவதற்குள் சட்டி காலி.

கான்சாபுரத்துக்கு அப்பா 'இல்லை' என்று ஆள் விட்டார். அவர் போட்ட சத்தம் எங்கள் தெரு வரை கேட்டது என்று சித்தப்பா சொன்னார். சித்தப்பா சொன்னது என்பதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆவணி முதல் முகூர்த்தத்தில் லாஞ்சுக்காரர் எனக்கு மாமா ஆனார். மணவறையில் அவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். என்னைப் பக்கத்தில் வர விடவில்லை.

இவ்வளவு நடந்தும் என் அபிப்பிராயம் மாறவில்லை. மாமா நல்ல மனுஷன், ஆனால் இன்ஜின் வேலையில் மக்கு; அன்றைக்குத் 'தெரியும்' என்றது நான் சொன்ன பிறகு சமாளித்ததுதான். பாவம் அத்தை, தெரியாமல் கட்டிக்கொண்டாள். மீசை முளைக்கும் வரை நான் மாமா மேல் வைத்திருந்தது மரியாதை அல்ல, அனுதாபம்.

பிறகு சித்தப்பா சிபாரிசில் ராஜபாளையத்தில் நானும் கிளீனராகச் சேர்ந்தேன். முதல் நாளே வண்டி சத்திரப்பட்டி ரோட்டில் நின்றுவிட்டது. டிரைவர் என்னைப் பார்த்து, "ஏலே புதுசு, வண்டி நின்னா மொதல்ல எதைப் பாக்கணும்? டேப்பு தொறந்திருக்கான்னு பாக்கணும். இது தெரியாதவன் இன்ஜின் பக்கமே வரக் கூடாது," என்றார்.

நடுரோட்டில் நின்று சிரிக்க ஆரம்பித்தேன். டிரைவர் என்னை ஏற்றிக்கொள்ளாமலே போகப் பார்த்தார்.

மாமாவும் அத்தையும் கடைசி வரை தூத்துக்குடியில்தான் இருந்தார்கள். நான் போகும்போதெல்லாம் அத்தை அந்தக் கதையை எடுத்துவிடுவாள். எத்தனை தரம் சொன்னாலும் அவளுக்கு அலுக்காது. "ஒங்க மாமா இருக்காவல்ல, பெரிய இன்ஜின் டிரைவரு! நான் திருகை மூடிட்டு ஒக்காந்திருக்கேன், அவிய இன்ஜினைப் பூராம் கழத்திப் பாக்காவ. இன்னிக்கு வரைக்கும் எதுனால நின்னுச்சுன்னு அவியளுக்குத் தெரியாதுல்லா!" என்று சொல்லி, தெரு கேட்கச் சிரிப்பாள்.

மாமா தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார். "ஆமா, அன்னிக்கு எனக்கு ஒண்ணும் ஓடல," என்பார். பிறகு அந்தக் கதவு மாதிரிக் காதுகளுக்கு நடுவிலிருந்து என்னை ஒரு பார்வை பார்ப்பார்.

நான் சும்மா இருப்பேன்.